உங்கள் மருந்தின் பெயர் என்ன?



எங்கள் வீடுகளில் மருந்துக்கு நிறம்தான் பெயர். "காலையில் வெள்ளை, இரவில் மஞ்சள்" என்போம். கம்பனி மாறினால் நிறமும் பெட்டியும் மாறும். ஒரே மருந்தை இரண்டு தடவை விழுங்கிவிடும் ஆபத்து அங்கேதான்.

மருந்தை அதன் சொந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. நமது பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாக வழிவகுத்து, அதன் முதல் தலைவரானார். இறக்குமதியான சுமார் 2,100 மருந்துகள் ஏறக்குறைய 600ஆகக் குறைந்தன. விலையும் இறங்கியது. பெரிய கம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. 1977இல் கயானாவில் அவர் காலமானார். அதே ஆண்டுதான் உலக சுகாதார நிறுவனம் தனது முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

பனடோல் என்பது கம்பனி வைத்த பெயர்; மருந்து பரசிட்டமோல். தடிமலுக்கு வாங்கும் பல குளிசைகளிலும் அதுவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அளவு மீறினால் ஈரல் பாதிக்கப்படும்.

அடுத்த கிளினிக்கில் தாதியிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள்: மருந்தின் பெயர் என்ன, எவ்வளவு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? உம்மா வாப்பாவின் கிளினிக் கொப்பியிலேயே எழுதி வையுங்கள். கேட்பது நோயாளியின் உரிமை.