பாஞ்சாலி வந்த வழி

செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் அந்தத் தீமிதியை மொரீசியசுக்கும் ரீயூனியனுக்கும் கொண்டுபோனார்கள். ரீயூனியனில் அவள் பெயர் ‘பாண்டியாலே’.

1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் அமெரிக்கா வந்தவர்களோ பெரும்பாலும் படித்த வேலைக்காரர்கள். லிவர்மோரில் சிவனும் விஷ்ணுவும், பியர்லாந்தில் மீனாட்சியும், பிரிட்ஜ்வாட்டரில் வேங்கடேசுவரரும் ஆகமப்படி குடியேறினார்கள். படுகளத்தில் துரியோதனனை மண்ணால் வனைந்து கிடத்த ஓர் ஊரே கூட வேண்டும். அந்த ஊர் விமானம் ஏறவில்லை.

அவள் இங்கே புத்தகமாக வந்தாள். செஞ்சிப் பகுதியில் கள ஆய்வு செய்த அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டலின் நூலை 1988இல் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆகமக் கோயிலே நம் சமயம் முழுவதும் என்று எண்ணி வளரும் பிள்ளைகளுக்கு அதை எடுத்துக் கொடுக்கலாம்.