குதிரை, மாட்டு இரத்தத்தில் அழற்சியைக் கண்டறிதல்: வரலாற்றுப் பார்வை

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள், நோயாளியிடமிருந்து வடித்த இரத்தத்தைக் கிண்ணத்தில் வைத்து, உறையும்போது அதன் மேல் வெளிறிய படலம் தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள். தோன்றினால் உடலில் அழற்சி இருப்பதாகக் கொண்டார்கள். ஜான் ஹண்டர் எழுதி 1794இல் வெளிவந்த இரத்தமும் அழற்சியும் பற்றிய நூல் இதை விரிவாக ஆராய்கிறது. அழற்சியின்போது சிவப்பணுக்கள் நாணயங்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு, இரத்தம் உறையும் முன்பே அடியில் தங்கிவிடுவதால் அந்தப் படலம் உருவாகிறது. ஆனால், நல்ல உடல்நிலையில் உள்ள குதிரையின் இரத்தத்திலும் அது தோன்றும். மாட்டின் சிவப்பணுக்களோ அடுக்கிக்கொள்வதே அரிது. ஒரே அடையாளம் ஒரு விலங்கில் எப்போதும் தெரிந்தது, மற்றதில் தெரியவே இல்லை.

போலந்தின் பியெர்னாட்ஸ்கி 1897இலும், சுவீடனின் ஃபோரேயுஸ், வெஸ்டர்கிரேன் இருவரும் 1920ஐ ஒட்டியும் சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளவிடக்கூடிய பரிசோதனையாக்கினர். மனித மருத்துவத்தில் அது நிலைபெற்றது. கால்நடைகளில் பழைய சிக்கலே திரும்பியது. குதிரை இரத்தம் இயல்பிலேயே விரைந்து படியும், இரத்தசோகை இருந்தால் அந்த வேகம் இன்னும் கூடும். மாட்டின் இரத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்பணுக்கள் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும்.

வெள்ளையணு எண்ணிக்கையும் மாட்டில் ஏமாற்றியது. மனிதரில் கடும் அழற்சி என்றால் நியூட்ரோஃபில் அணுக்கள் பெருகும் என்று எதிர்பார்ப்பது வழக்கம். மாட்டின் இரத்தத்திலோ லிம்ஃபோசைட்டுகளே மிகுதி. அதன் எலும்பு மச்சையில் நியூட்ரோஃபில் கையிருப்பும் குறைவு. கடுமையான மடிவீக்கத்தின் முதல் நாளில் இருப்பவை எல்லாம் மடிக்கு ஓடிவிட, இரத்தத்தில் எண்ணிக்கை உயராமல் சரிந்துவிடுகிறது. மனிதருக்குரிய அளவுகோலை மாட்டுக்கு வைத்துப் பார்ப்பவர் நோயே இல்லை என்று முடிவுகட்டக்கூடும். இத்தகைய வேறுபாடுகளை விலங்கு வாரியாகத் தொகுத்துத் தந்தவர் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் ஆஸ்கர் ஷால்ம். 1961இல் வெளியான அவரது கால்நடை இரத்தவியல் நூல் இத்துறையின் திருப்புமுனை.

அதன்பின் கவனம் ஃபைப்ரினோஜன் என்ற உறைபுரதத்துக்கு நகர்ந்தது. பிளாஸ்மாவை 56 பாகை செல்சியஸில் மூன்று நிமிடம் சூடாக்கினால் இப்புரதம் மட்டும் பிரிந்து வீழும். சூடாக்கும் முன்னும் பின்னும் மொத்தப் புரதத்தை அளந்தால் அந்த வேறுபாடே ஃபைப்ரினோஜன் அளவு. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத முறை இது. லிட்டருக்குக் குதிரையில் 2 முதல் 4 கிராம், மாட்டில் 3 முதல் 7 கிராம் வரை இயல்பு. வெள்ளையணுக்கள் கைவிட்ட மாட்டில் இதுவே துணைநின்றது. விழுங்கிய கம்பி இரைப்பையைத் துளைத்த மாட்டின் இரத்தத்தில் இப்புரதமும் இம்யுனோகுளோபுலின்களும் மிகுந்திருக்கும். குளுட்டரால்டிஹைடு சேர்த்தால் அந்த இரத்தம் சில நிமிடங்களில் கட்டிப்படும். தொழுவத்திலேயே செய்யக்கூடிய இச்சோதனை 1970களில் பின்லாந்தில் உருவானது. எனினும் ஃபைப்ரினோஜன் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது. ஏற்றமும் பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கே.

விரைவான அடையாளங்களுக்கு வழி திறந்தது 1930இல். ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தின் டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் சீரத்தில் சி-வினைப் புரதத்தைக் கண்டனர். அழற்சியின்போது கல்லீரல் அவசரமாகச் சுரக்கும் புரதங்கள் பல உண்டு என்பது பிறகு தெளிவானது. கால்நடைகளில் சிறந்து விளங்கியவை வேறு இரண்டு. ஹாப்டோகுளோபின் நலமுள்ள மாட்டில் ஏறக்குறைய இல்லை, அழற்சியில் நூறு மடங்குக்கு மேல் எழும். குதிரையிலோ அது எப்போதும் கணிசமாக இருப்பதால் அவ்வளவு கூர்மையான சான்றாகாது. குதிரைக்குப் பொருந்தியது சீரம் அமைலாய்டு ஏ. சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, கடும் தொற்றில் பல நூறு மடங்காகி, காரணம் நீங்கியதும் விரைந்து இறங்கும். விதையடித்தபின் புண் நன்றாக ஆறுகிறதா, சீழ் பிடிக்கிறதா என்பதை இது காட்டிவிடும். இன்று லாயத்திலேயே இதை அளக்கச் சிறு கருவிகள் உள்ளன.

இப்புரதங்கள் அழற்சி உண்டு என்று சொல்லுமே தவிர, அது மடியிலா, குளம்பிலா, நுரையீரலிலா என்று சொல்லாது. கன்று ஈன்ற முதல் வாரத்தில் வெளிப்படையான நோய் இல்லாத பசுவிலும் ஹாப்டோகுளோபின் உயர்வதுண்டு. எனவே ஒரே ஒரு அளவைக் கொண்டு தீர்ப்பளிப்பதைவிட, சில நாள் இடைவெளியில் மீண்டும் எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே நம்பத் தக்கது.