வேதாளம் வந்த வழி

"வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிட்டது" என்னும் சொல்லைக் கேளாத தமிழ் இல்லம் இல்லை. திருந்திவிட்டான் என்று நம்பிய பிள்ளை பழைய குறும்பைத் தொடங்கினால் தாய் அதனைச் சொல்வாள். தீர்ந்தது என்று எண்ணிய வழக்கு மறுபடி தலைதூக்கினால் பெரியவர் சொல்வார். பிழைப்பின் பொருட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நாம், பெட்டி படுக்கையோடு இச்சொல்லையும் சுமந்து வந்தோம். ஆயினும் அந்த வேதாளம் எங்கிருந்து வந்தது, அது முருங்கையில் ஏறியது எங்ஙனம், யார் யார் அதனைத் தோளில் சுமந்தனர் என்று வினவியவர் நம்மில் சிலரே. பேய் என்றவுடன் அஞ்சுவதும் நகைப்பதும் இயல்பு. எனினும் நூல்களில் வாழும் பேய்க்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் மொழிகளின் வாழ்வும் அழிவும் கலந்து கிடக்கின்றன. அதனை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ப் பேய்கள்

வேதாளம் வருமுன்னரே தமிழ் இலக்கியத்தில் பேய்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சங்கப் புலவர் பாடிய போர்க்களங்களிலேயே பேய்மகளிரைக் காண்கிறோம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, புகார் நகரத்துச் சுடுகாட்டை நம் கண்முன் நிறுத்துகிறது. இரவில் அவ்வழியே தனியே வந்த சார்ங்கலன் என்னும் சிறுவன், பேய்மகள் ஒருத்தி ஆடுவதைக் கண்டு அஞ்சி ஓடிவந்து தாயிடம் முறையிட்டு உயிர் விடுகிறான். தாய் கோதமை நகர்த் தெய்வமாகிய சம்பாபதியிடம் நியாயம் கேட்கிறாள். பேய் உயிரை உண்பதில்லை என்பதும், மாண்ட மகனுக்கு ஊழ்வினையும் அறியாமையுமே காரணம் என்பதும் தெய்வத்தின் விடை. பேயைப் பாடவந்த காப்பியமே பேயின்மேல் ஏற்றிய பழியை இறக்கி வைப்பது எண்ணி இன்புறத்தக்கது.

காரைக்கால் அம்மையார் இன்னும் ஒருபடி மேலே சென்றார். திருவாலங்காட்டுச் சுடலையில் இறைவன் ஆடும் கூத்தைப் பாடிய அவர், தம்மையே காரைக்காற்பேய் என்று கூறிக்கொண்டார். பிறர் அஞ்சி விலகும் உருவம் அவருக்கு அடியார்க்குரிய உருவம் ஆயிற்று.

12-ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி பேய்களின் பேரரங்கு. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற செய்தியை அந்நூலில் புலவர் நேரே கூறவில்லை. காளிக்குக் கூளி கூறுவதாக அமைத்துள்ளார். பசியால் வாடிய பேய்கள் தலைவியிடம் முறையிடுகின்றன, போர் நிகழ்கிறது, பின் களத்தில் கூழ் அட்டு உண்கின்றன. வென்றவன் புகழைப் பாடும் நூலில், மாண்டவர் கிடக்கும் களத்தைக் கண்டு சொல்லும் சாட்சியாகப் பேய் நிற்கிறது. கதை சொல்லும் பேய் தமிழனுக்குப் புதியதன்று. ஆகவே வடபுலத்திலிருந்து கதை சொல்லும் வேதாளம் வந்தபோது, அது நம் வீட்டுத் திண்ணையில் எளிதாக இடம் பெற்றது.

பேய்மொழியில் எழுந்த பெருங்கதை

வேதாளக் கதைகள் இன்று நமக்குக் கிட்டும் பழைய வடமொழி வடிவங்கள் இரண்டு காச்மீரத்தைச் சார்ந்தவை. இரண்டும் 11-ஆம் நூற்றாண்டின. ஒன்று சேமேந்திரர் இயற்றிய பிருகத்கதா மஞ்சரி. மற்றொன்று அனந்தன் என்னும் அரசனின் தேவி சூரியமதியின் மகிழ்ச்சிக்காகச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரம். குணாட்டியர் இயற்றிய பிருகத்கதை என்னும் நூலின் சுருக்கம் என்று இவ்விரு நூல்களும் தம்மைக் கூறிக்கொள்கின்றன. குணாட்டியரின் நூல் எழுந்த மொழி பைசாசம். பிசாசுகளின் மொழி என்பதே அப்பெயரின் பொருள். காஞ்சியோடு தொடர்புடைய தண்டியாசிரியரும் தம் வடமொழி அணிநூலில் அதனைப் பூதமொழியில் எழுந்த வியத்தகு கதை என்று குறிக்கிறார்.

அந்நூல் பிறந்த கதையைச் சோமதேவரே சொல்கிறார். சாதவாகன மன்னன் அவையில் இருந்த குணாட்டியர் ஒரு பந்தயத்தில் தோற்று, வடமொழி, பிராகிருதம், நாட்டுமொழி ஆகிய மூன்றையும் துறந்தார். பேச மொழியின்றிக் காடு புகுந்தவர் அங்கே பைசாசத்தைக் கற்று, ஏழு ஆண்டுகளில் ஏழு இலட்சம் சுலோகங்களைத் தம் குருதியால் எழுதினார். பேய்மொழி என்று மன்னன் இகழ்ந்து திருப்பியனுப்பவே, அவர் தீ மூட்டி, ஒவ்வோர் ஏடாகப் படித்து எரிக்கலானார். விலங்குகள் மேய்ச்சலை மறந்து கண்ணீரோடு கேட்டு நின்றன. மன்னன் செய்தி அறிந்து ஓடிவந்தபோது ஆறு இலட்சம் சாம்பலாகிவிட்டது. எஞ்சியது ஓர் இலட்சமே.

இது கதையே. ஆயினும் இதனுள் ஓர் உண்மை உண்டு. பிருகத்கதையின் மூலம் இன்று எங்கும் கிடைக்கவில்லை. அது எழுந்த பைசாச மொழியும் வழக்கிறந்தது. அம்மரபைத் தழுவித் தமிழில் கொங்குவேளிர் பாடிய பெருங்கதையும் முதலும் முடிவும் சிதைந்த நிலையிலேயே உ.வே. சாமிநாதையருக்குக் கிட்டியது. அவர் அதனை 1924-இல் அச்சேற்றினார். உதயணன் கதையை அந்நூல் நமக்குக் காத்துத் தந்தது.

வேந்தனும் வேதாளமும்

கோதாவரிக் கரையில் பிரதிட்டான நகரை ஆண்ட திரிவிக்கிரமசேனன் என்பதே சோமதேவர் கூறும் அரசன் பெயர். விக்கிரமாதித்தன் என்னும் பெயர் பின்னரே நிலைபெற்றது. ஒரு துறவி நாள்தோறும் அரசனுக்குக் கனி ஒன்று தருகிறான். ஒவ்வொரு கனியுள்ளும் ஒரு மணி இருந்தது பின்னர் வெளிப்படுகிறது. நன்றிக்கடனாக, சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டுவர அரசன் உடன்படுகிறான். பிணத்தினுள் இருக்கும் வேதாளம் வழிநெடுகக் கதை சொல்லி, முடிவில் வினா எழுப்புகிறது. விடை தெரிந்தும் வாய் திறவாதிருந்தால் தலை சிதறும். வாய் திறந்தாலோ வேதாளம் மரத்துக்கு மீளும்.

இறுதிக் கதை நுட்பமானது. காட்டில் இரு பெண்களின் அடிச்சுவடுகளைக் கண்ட தந்தையும் மகனும், பெரிய அடியுடையாளைத் தந்தையும் சிறிய அடியுடையாளை மகனும் மணப்பதென்று முன்னரே முடிவு செய்கின்றனர். கண்டபோதோ பெரிய அடி மகளுக்குரியது, சிறிய அடி தாய்க்குரியது. சொன்ன சொல் தவறாமல் மணம் முடிகிறது. பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? அரசனுக்கு விடை தெரியவில்லை. உண்மையாகவே தெரியாமையால் மௌனம் காத்தான். அதனை மெச்சிய வேதாளம், துறவி அவனைப் பலியிட எண்ணிய சூழ்ச்சியை உரைத்து உயிர் காக்கிறது. தெரியாதபோது அடங்கியிருப்பதும் தெரிந்தபோது கேடு வரினும் உரைப்பதும் அரசறம் என்பது இக்கதைத் தொகுதியின் உட்கிடை.

ஊர் தோறும் உருமாற்றம்

சோமதேவர் கூறும் மரம் சிம்சபா. தமிழில் அது முருங்கை ஆயிற்று. எளிதில் முறியும் கிளையுடைய முருங்கையில் சிறுவர் ஏறலாகாதென்று முதியோர் தடுப்பது நம் ஊர் வழக்கம். கொல்லையில் நிற்கும் அம்மரத்தில் வேதாளத்தைத் தொங்கவிட்டவன் பெயர் தெரியாத தமிழன். அவனால் அயல்நாட்டுக் கதை நம் வீட்டுக் கதை ஆயிற்று. திண்ணையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை அதனைச் சிற்றூர்கள்தோறும் பரப்பியது.

இத்தமிழ் வேதாளம் கடலும் கடந்தது. பரமார்த்த குருவின் கதையை 1822-இல் ஆங்கிலத்தோடு வெளியிட்ட பாபிங்டன் என்பார், தமிழ் வேதாளக் கதையை மொழிபெயர்த்து 1831-இல் இலண்டனில் வெளியிட்டார். ரிச்சர்டு பர்ட்டனின் புகழ்பெற்ற ஆங்கில நூல் 1870-இல் வெளிவந்தது. அதற்கு 39 ஆண்டுகள் முன்னரே நம் தமிழ் வடிவம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றுவிட்டது என்பது பலர் அறியாத செய்தி.

கொல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில், கும்பினி அலுவலர்க்கு நாட்டுமொழி கற்பிக்கும் பொருட்டு, 1805-இல் லல்லுலாலும் மசர் அலி கான் விலாவும் இந்துஸ்தானியில் வேதாளக் கதைகளை ஆக்கினர். ஈசுவர சந்திர வித்யாசாகரின் முதல் அச்சு நூலும் 1847-இல் வந்த வங்காள வேதாளக் கதையே. தலைகள் மாறிய இருவரின் கதையைத் தாமசு மன் 1940-இல் ஜெர்மன் புதினமாக்கினார். கிரீஷ் கர்நாட் 1971-இல் 'ஹயவதனா' என்னும் கன்னட நாடகத்தில் அதனைக் கையாண்டார். உடலா தலையா, எது மனிதன் என்ற வேதாளத்தின் வினா இன்னும் ஓயவில்லை.

சித்திரத்திலும் திரையிலும்

1947-இல் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா, நம் தலைமுறையின் வேதாளத்துக்கு உருவம் தந்தது. உருவிய வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமன் நடக்கும் அச்சித்திரத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். 2020-இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மூலநூற் கதைகள் தீர்ந்த பின்னும் அதே அமைப்பில் புதிய கதைகள் தொடர்ந்தன. ஒரே சித்திரம் பல மொழிப் பதிப்புகளில் வந்தமையால், தமிழ்ச் சிறுவனும் தெலுங்குச் சிறுமியும் ஒரே வேதாளத்தைக் கண்டனர். அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை.

பெயர் மட்டும் வேறோர் உருவிலும் நுழைந்தது. அமெரிக்கராகிய லீ பாக் 1936-இல் படைத்த முகமூடி வீரன், உண்மையில் பேயல்லன். தந்தைக்குப் பின் மகன் அதே உடையை அணிவதால் சாவற்றவன் என்று காட்டுமக்கள் நம்புகின்றனர். 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் வழியே அவன் இந்தியச் சிறுவரை அடைந்தபோது, இந்தி அவனுக்கு 'வேதாள்' என்று பெயரிட்டது; வங்காளத்தில் அவன் 'அரண்யதேவ்' ஆனான். 1985-இல் இராமானந்த சாகர் தூர்தர்சனில் வழங்கிய 'விக்ரம் அவுர் பேதாள்' தொடர் மூலம் வேதாளம் வடநாட்டு வீடுகளுக்குள் புகுந்தது.

விளையாட்டுப் பேயையும் விட்டுவிடுதல் முறையன்று. ஜப்பானில் 1980-இல் தோன்றிய பாக்மேன் என்னும் திரைவிளையாட்டில் நான்கு பேய்கள் துரத்துகின்றன, ஆடுவோன் ஓடுகிறான், குறித்த உருண்டையை விழுங்கினால் சிறிது நேரம் பேயையே விழுங்கலாம். துரத்துவதும் தப்புவதும் கைத்திறனை வளர்க்கும். அதனைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆனால் விக்கிரமன் பேயிடமிருந்து ஓடியவன் அல்லன். தானே தேடிச் சென்று தோளில் ஏற்றியவன். அவன் பேயும் விழுங்க வந்ததன்று, வினவ வந்தது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டுவது நம் கடன்.

நமக்குரிய வினா

வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் பலர் பேதாளை அறிவர், வேதாளத்தை அறியார். கதை ஒன்றுதானே, எம்மொழியில் கேட்டால் என்ன என்று சிலர் கேட்பர். அவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. குணாட்டியர் கதை பைசாசம் அழிந்த பின்னும் வாழ்கிறது. காச்மீரம், கொல்கத்தா, இலண்டன், சென்னை எனப் பல ஊர்களில் பல மொழிகளில் புதுப்பிறப்பு எடுத்தது. கதைக்கு ஒரு மொழி போனால் மற்றொரு மொழி கிடைக்கும். கதை பிறந்த மொழிக்கோ அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. அம்மொழியில் தாய் பிள்ளையை எவ்வாறு அழைத்தாள், எம்மரத்தில் ஏறாதே என்று தடுத்தாள் என்பதை இன்று கூறவல்லார் ஒருவரும் இலர்.

முருங்கைக்காய் தில்லிச் சந்தையிலும் கிடைக்கிறது. இந்தியில் அதனைச் சஹஜன் என்பர். ஆயினும் சஹஜன் மரத்தில் வேதாளம் ஏறுவதில்லை. அது ஏறுவது தமிழ் முருங்கையில் மட்டுமே. பிள்ளைக்கு இந்தியும் ஆங்கிலமும் வேண்டும். அவற்றால் அவன் உண்கிறான், உயர்கிறான். அவற்றோடு இரவில் ஒரு கதையேனும் தமிழில் கேட்பானாயின் அவனுக்கு இழப்பொன்றும் இல்லை. சங்கங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகள் அரிச்சுவடியோடு வேதாளத்தையும் வரவேற்கலாம்; எழுத்துக்கு வாராத பிள்ளையும் கதைக்கு வருவான்.

விடை தெரிந்தும் சொல்லாதவனுக்கு வேதாளம் விதித்த தண்டம் கடுமையானது. நம் பெற்றோர் நமக்குச் சொன்ன கதைகள் நமக்குத் தெரியும். தெரியாது என்று நாம் சொல்ல வழியில்லை. பிள்ளைகள் கேட்கும் வயதிலேயே அவற்றைச் சொல்லிவிடுவோம்.