கம்பத்திலிருந்து இறங்கி வந்த டிரான்ஸ்பார்மர்



மகள் வீட்டுக்கு டல்லாஸ் வந்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டு வாசல் புல்தரையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பச்சை நிற இரும்புப் பெட்டி இருக்கிறது. வந்த புதிதில் பேரன் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். "என்னம்மா அது?" என்று கேட்டேன். "டிரான்ஸ்பார்மர்ப்பா" என்றாள். ஓடிப்போய் அவனைக் கீழே இறக்கினேன்.

நம் ஊரில் டிரான்ஸ்பார்மர் என்றால் இரட்டைக் கம்பத்தின் மேல் இருக்கும். கீழே மண்டையோடு போட்ட அபாயப் பலகை தொங்கும். இங்கே அது தரைக்கு எப்படி வந்தது? நாற்பது வருடம் பாடம் நடத்தியவனுக்குச் சும்மா இருக்க முடியுமா? தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1831இல் மைக்கேல் ஃபாரடே ஒரு இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியே சுற்றினார். ஒன்றில் மின்சாரத்தை விட்டு நிறுத்தும்போதெல்லாம், தொடர்பே இல்லாத மற்றதில் மின்னோட்டம் தோன்றி மறைந்தது. ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டினேனே, அதே வளையம்தான். 1885இல் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் ஆலையில் சிபெர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி என்ற மூவர் அதை நடைமுறைக்கு உகந்த டிரான்ஸ்பார்மராக்கினார்கள். மறு வருடம் மார்ச் மாதம் அமெரிக்காவின் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் வில்லியம் ஸ்டான்லி 500 வோல்ட்டை 100 வோல்ட்டாகக் குறைத்துக் கடைகளுக்கு விளக்கேற்றினார். அவர் டிரான்ஸ்பார்மர்களை வைத்தது கம்பத்தில் அல்ல, கட்டடங்களின் அடித்தளத்தில்! பிறகு கம்பிகள் தெருவெங்கும் தலைக்கு மேலே ஓடவே, டிரான்ஸ்பார்மரும் கம்பம் ஏறியது. கை எட்டாத உயரமே அதற்கு வேலியாயிற்று.

மீண்டும் கீழே இறங்கியது 1960களில். பிளாஸ்டிக் உறையிட்ட கேபிள்கள் வந்ததால், மின்சாரத்தை மண்ணுக்கடியில் கொண்டுபோகும் செலவு குறைந்தது. புதுக் குடியிருப்புகளில் கம்பி தொங்குவது அழகைக் கெடுக்கிறது என்றும் மக்கள் நினைத்தார்கள். 1965இல் அதிபர் ஜான்சன் கூட்டிய இயற்கை அழகு மாநாட்டிலேயே இது விவாதப் பொருளாக இருந்தது.

இதை நிறுவும் முறை எளிமையாகத் தெரியும். மட்டம் பார்த்து ஒரு கான்கிரீட் மேடை போடுகிறார்கள். அதிலுள்ள திறப்பு வழியாகக் கேபிள்கள் மேலே வரும். எர்த் கம்பி இறக்கி, மேடைமேல் பெட்டியை வைத்துப் பூட்டுவார்கள். ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. மேடைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு குச்சிகூட நுழைய இடைவெளி இருக்கக் கூடாது. குழந்தைகள் விளையாடும் இடமல்லவா! உயரம் செய்த காவலை இங்கே பூட்டு செய்கிறது.

போன வாரம் மின் ஊழியர் ஒருவர் வந்து பெட்டியைத் திறந்தார். தள்ளி நின்று பார்த்தேன். ஆரம்பகாலப் பெட்டிகளில் கதவைத் திறந்தாலே உயிருள்ள முனைகள் எதிரே இருக்குமாம். இப்போது முழங்கை போல வளைந்த ரப்பர் உறைக்குள் இணைப்பு மறைந்திருக்கிறது. அதற்கு 'எல்போ' என்றே பெயர். கையுறை போட்டு, மின்சாரம் கடத்தாத நீண்ட கழியால் அதைப் பிடுங்கினார். அதோடு வேலையைத் தொடங்கிவிடவில்லை. மின்சாரம் இல்லை என்று கருவி வைத்துச் சோதித்தார். பிறகு எர்த் செய்தார். அதற்குப் பிறகே கை வைத்தார்.

அந்தக் கணம் எனக்கு என் மாணவன் ஒருவன் நினைவு வந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்ததை நம் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டோம். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கழுத்தளவு தண்ணீரில் கம்பம் தூக்கிய ஊழியர்களை நாம் கண்ணால் பார்த்தோம். அவர்களில் அவனும் ஒருவன். மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் கம்பம் ஏறினான். ஆனால் ஒரு கடையில் ஜெனரேட்டரை நேராக வீட்டு லைனில் சொருகியிருந்தார்கள். தூக்கி எறியப்பட்டான். உயிர் பிழைத்தது, வலது கை போயிற்று. "செத்த கம்பின்னு நம்பித்தான் சார் தொட்டேன்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னான்.

ஃபாரடேயின் வளையத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. 11000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், நம் வீட்டிலிருந்து 230 வோல்ட் உள்ளே போனால் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி மேல் கம்பிக்கு அனுப்பிவிடும். இந்தப் பாடத்தை நான் ஆண்டுதோறும் நடத்தினேன். தேர்வில் எல்லோரும் சரியாக எழுதினீர்கள். அது ஒரு மனிதனின் கையைப் பற்றிய பாடம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அந்தக் குறை என்னுடையது.

தரைப் பெட்டி வந்தால் நம் ஊர்ப் பிரச்சினை தீருமா என்று சிலர் கேட்கலாம். புயலுக்கு அது நல்லது. ஆனால் வெள்ளம் தேங்கும் தாழ்வான ஊரில் மேடையை உயர்த்தாமல் வைத்தால் அதுவே தலைவலி. உயரமோ பூட்டோ நம்மைக் காக்கும். மறுமுனையில் வேலை செய்கிறவரைக் காப்பது நம் வீட்டுச் சுவிட்ச்தான்.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று இன்றே எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பார்த்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். வருகைப் பதிவேடு போல எண்ணிக்கொள்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.
அன்புடன், உங்கள் சார்.