ஒரு காகிதச் சுருள், இரண்டு வாசிப்புகள்: காவலூர், 1977

காவலூர் வான்நோக்கு நிலையத்தில் பதிவுக் கருவிகள் வளர்ந்த கதையைக் கருவிகளின் வரிசையாகவே எழுதிவருகிறோம். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி, 1972இல் 102 செ.மீ. சைஸ் (Zeiss) தொலைநோக்கி, 1986 ஜனவரி 6 அன்று திறப்புவிழா கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி. பேனா வரைவி போய்க் கணினி, ஒளிப்படத் தகடு போய் சிசிடி. வரிசை சரிதான். ஆனால், பதிவாகிவிட்ட அளவுகளிடம் பிற்பாடு எதைக் கேட்க முடிந்தது, எதைக் கேட்டிருக்கக் கூடாது என்பதற்கு அதில் இடமில்லை. அதற்கு, காவலூர் உள்ள ஜவ்வாது மலையில் பதிவான ஒரே ஓர் இரவின் வரைகோடே போதும்.

முதலில், யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்த அந்த இரவின் தேதி. 1977 மார்ச் 10 என்றே கட்டுரைகள் குறிக்கின்றன. அது உலக நேரக் கணக்கு. காவலூர்க் கடிகாரத்தில் அப்போது நள்ளிரவு கடந்து, நாள் மார்ச் 11 ஆகியிருந்தது. பழைய பதிவேடுகளை ஒப்பிடுவோர் இந்த ஐந்தரை மணி நேரத்தை மறந்தால், ஒரே நிகழ்வை இரண்டாக எண்ணிவிட நேரும்.

எஸ்ஏஓ 158687 என்ற நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப்போகிறது என்று கிரீனிச்சின் கார்டன் டெய்லர் 1973லேயே கணித்திருந்தார். மறைப்பு நிகழ்ந்த இரவில் ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் 102 செ.மீ. தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்தி நட்சத்திர ஒளியைக் காகிதச் சுருளில் தொடர்ந்து பதிவு செய்தார்கள். ஒளி சில விநாடிகள் சட்டென்று விழுந்து மீண்டது. அதே ஆண்டு மே மாதம் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் எழுதிய குறிப்பு, யுரேனஸின் புதிய துணைக்கோள் என்றது. அதே இதழில் ஜேம்ஸ் எலியட் குழுவும், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து அவதானித்த மில்லிஸ் குழுவும் வளையங்கள் என்றார்கள். டிசம்பரில் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் காவலூர்ப் பதிவை மறுபடி வாசித்து, சனிக்கு உள்ளதைப் போன்ற வளைய அமைப்பே யுரேனஸைச் சுற்றி உள்ளது என்று எழுதினார்கள்.

முதல் வாசிப்பைத் தவறு என்று தள்ளிவிட்டு இரண்டாவதை வெற்றியாகக் கொண்டாடுவது நம் வழக்கம். நான் இதற்கு உடன்படவில்லை. முதல் வாசிப்பு, கையில் இருந்த பதிவுக்கு நேர்மையானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்று நட்சத்திரம் யுரேனஸின் பக்கவாட்டில் விநாடிக்குச் சுமார் 12 கி.மீ. வேகத்தில் நகர்ந்தது. பெருக்கியும் பேனாவும் சேர்ந்து ஒரு விநாடி தாமதித்தன என்று வைத்துக்கொண்டால், காகிதத்தில் 12 கி.மீ.க்குக் குறைந்த எதுவும் தன் முழு ஆழத்தைக் காட்டாது. யுரேனஸின் காமா, டெல்டா போன்ற வளையங்கள் சில கி.மீ. அகலமே உள்ளவை. எப்சிலான் மட்டும் இடத்துக்கு இடம் 20 முதல் 96 கி.மீ. வரை அகலும். ஆகவே பளிச்சென்று தெரியக்கூடிய பள்ளம் ஒன்றே ஒன்று. ஒரு பள்ளத்துக்கு ஒரு பொருள் என்று எடுத்துக்கொண்டதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் வாசிப்பில்தான் எனக்குச் சிக்கல். எலியட் குழு இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த கைப்பர் விமானத்திலிருந்து மூன்று சேனல்களில் பதிவு செய்தது. கோளின் மீத்தேன் ஒளியை உறிஞ்சும் அலைநீளங்களைத் தேர்ந்ததால், நட்சத்திரத்தின் பங்கு தூக்கலாகத் தெரிந்தது. கோளுக்கு ஒரு பக்கம் விழுந்த பள்ளங்களுக்கு மறுபக்கத்திலும் ஜோடி கிடைத்தது. துணைக்கோள் என்ற விளக்கத்தை ஒழித்தது இந்த ஜோடிதான். காவலூர்க் காகிதத்தில் குறுகிய வளையங்களைத் தேடும் துணிவும் அந்தச் செய்திக்குப் பிறகே வந்தது என்று கருதுகிறேன். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தபின் பார்ப்பது தவறில்லை. நல்ல கேள்வி அப்படித்தான் அமையும். ஆனால் பாப்புவும் பட்டாச்சார்யாவும் அங்கே நிற்கவில்லை. ஆழமற்ற, அகன்ற தாழ்வுகளையும் வளையப் பரப்பாகக் கொண்டார்கள்.

அகன்ற தாழ்வு எதனாலும் வரும்: மெல்லிய மேகம், நட்சத்திரம் ஒளிமானித் துளையின் ஓரத்துக்கு நகர்வது, மின்சுற்றின் மெதுவான இழுப்பு. இவற்றைப் பிரிக்க, பக்கத்திலேயே வானத்தின் தெளிவை அளந்த இன்னொரு சேனல் வேண்டும். ஒரே வரைகோட்டை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் அந்தச் சேனல் அதிலிருந்து முளைக்காது. பின்னர் வந்த மறைப்புகளும் அகன்ற பரப்பை உறுதிசெய்யவில்லை.

பதிவு தாங்குவதற்கு மேல் அதை வாசிப்பதற்கு முன்னுதாரணமும் காவலூரிலேயே உண்டு. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோள் கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் எடுத்த பதிவுகளிலிருந்து அந்தத் துணைக்கோளுக்கு வளிமண்டலம் உண்டு என்றார்கள். அவர்கள் சொன்ன அடர்த்தியை 1979இல் வாயேஜர் காணவில்லை. பின்னாளில் ஹப்பிள் கண்ட ஆக்சிஜன் அதைவிட மிக மிக மெலிந்தது.

பேனா வரைவிக்குப் பின் வந்த தரவுப் பதிவிகளிலும் கேள்வி கேட்கும் முறை சின்ன விஷயமில்லை. 1990களின் ஹியூலெட்-பேக்கார்ட் 34970ஏ 50,000 அளவுகளை நேரத்தோடு வைத்துக்கொள்ளும். சேனல் எண்ணையும் சேர்த்துத் தரச் சொல்லலாம். ‘ஃபெட்ச்’ கட்டளை நினைவகத்தைத் தொடாமல் அளவுகளைத் தரும். ‘ஆர்’ கட்டளை தந்த கையோடு அழித்துவிடும். புதிய ஸ்கேன் தொடங்கினால் முந்தையது போயிற்று. நிரல் எழுதுபவர் இதைக் கவனிக்காவிட்டால் இரண்டாம் வாசிப்புக்கே இடமில்லை. அந்த வகையில் காவலூர்க் காகிதம் பெருந்தன்மையானது: மே மாதம் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று கேட்கக் கேட்கத் தன்னைக் காட்டியது. தன்னிடம் எந்தச் சேனல் இல்லை என்பதை மட்டும் அது சொல்லாது. வாசிப்பவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1986 ஜனவரி 24 அன்று வாயேஜர்-2 யுரேனஸைக் கடந்தபின், சூரியனுக்கு எதிர்த்திசையிலிருந்து எடுத்த படத்தில் வளையங்களுக்கிடையே தூசுப் பட்டைகள் தெரிந்தன. இதை வைத்து டிசம்பர்க் கட்டுரையைக் காப்பாற்ற முயல்வது பொருந்தாது. அந்தத் தூசு நட்சத்திர ஒளியை அந்த அளவுக்கு மங்கவைக்க முடியாத மெலிவு கொண்டது. அப்படியானால் காகிதத்தின் அகன்ற தாழ்வுகள் எதனால் வந்தன? மேகம் என்பதே என் சாய்வு. நட்சத்திர நகர்வையும் மறுக்க முடியவில்லை. ஒரு வரைகோட்டைக் கொண்டு இரண்டில் ஒன்றைத் தேர்வது, நான் குறைகூறிய அதே காரியத்தைச் செய்வதாகும் என்பதால், இரண்டையும் திறந்தே விடுகிறேன்.