ஒரு சின்ன 'சுருக்'... காலியாகும் சிப்! எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் அயனைசர் எதற்கு? சோதிப்பது எப்படி?

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்து எழுந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் 'சுருக்'னு ஷாக் அடித்த அனுபவம் பலருக்கும் இருக்கும். நமக்கு அது ஒரு நொடி எரிச்சல், அவ்வளவுதான். ஆனால் செல்போன், லேப்டாப் தயாராகும் இடத்தில் அதே ஷாக் ஒரு சிப்பையே காலி செய்துவிடும். அதைத் தடுக்கும் கருவிகளில் ஒன்றுதான் அயனைசர். அது என்ன செய்கிறது? ஒழுங்காக ஓடுகிறதா என எப்படி கண்டுபிடிப்பது? பார்க்கலாம்.

நமக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியும்

இரண்டு பொருட்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது எலெக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. ஒன்றில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ் சார்ஜ் தேங்கிவிடும். இதுதான் நிலை மின்சாரம். நடப்பது, டேப்பை உரிப்பது, பிளாஸ்டிக் கவரைப் பிரிப்பது என எல்லாவற்றிலும் இது உருவாகும்.

மனித உடல் இதை ஷாக்காக உணர சுமார் 3,000 வோல்ட் தேவை. ஆயிரக்கணக்கான வோல்ட் என்றாலும் அதில் இருக்கும் ஆற்றல் மிகக் குறைவு என்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் 100 வோல்ட்டுக்குக் கீழேயே பழுதாகும் எலெக்ட்ரானிக் பாகங்கள் உண்டு. அதாவது, தொழிலாளி எதையும் உணராத நேரத்திலேயே சிப் போய்விடலாம்.

இதைவிடப் பெரிய தலைவலி, பாதி பழுது. சிப் உடனே சாகாது. தொழிற்சாலை சோதனையில் பாஸ் ஆகி, வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு மக்கர் பண்ணும்.

சென்னைப் புழுக்கத்திலும் வருமா?

காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் நிலை மின்சாரம் தேங்குவது குறையும். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் போன்ற இடங்களில் உள்ள தொழிற்சாலைகளில் வேலை நடப்பது ஏசி ஹாலுக்குள். ஏசி காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துவிடும். எனவே 'நம்ம ஊர் கிளைமேட் பார்த்துக்கும்' என்று விட்டுவிட முடியாது.

முதல் கவசம் எர்த்திங்

தொழிலாளியின் மணிக்கட்டில் கட்டும் ரிஸ்ட் ஸ்ட்ராப், உடலில் உள்ள சார்ஜை எர்த்துக்கு இறக்கிவிடும். அதன் வயரில் வழக்கமாக 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். தவறுதலாக கரண்ட் உள்ள பாகத்தைத் தொட்டால் உடலில் பாயும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தவே இந்த ஏற்பாடு. ஸ்ட்ராப்பை அணிந்த நிலையில் மொத்த ரெசிஸ்டன்ஸ் 35 மெகாஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது ஏஎன்எஸ்ஐ/இஎஸ்டி எஸ்20.20 தரநிலை. ஷிப்ட் தொடங்கும் முன் டெஸ்டரில் கை வைத்துப் பார்ப்பது இதற்குத்தான்.

அப்புறம் அயனைசர் எதற்கு?

பிளாஸ்டிக், டேப், கண்ணாடி போன்றவற்றில் மின்சாரம் பாயாது. எர்த் வயரை இணைத்தாலும் அவற்றில் தேங்கிய சார்ஜ் இறங்காது. இங்குதான் அயனைசர் வருகிறது.

பரவலாகப் பயன்படும் வகையில், ஊசி முனைகளுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்து காற்றில் பாசிட்டிவ், நெகட்டிவ் அயனிகளை உருவாக்குவார்கள். ஃபேன் அதை மேஜை மீது ஊதும். பிளாஸ்டிக்கில் பாசிட்டிவ் சார்ஜ் இருந்தால் நெகட்டிவ் அயனிகள் போய் ஒட்டி அதைச் சமன் செய்யும். நெகட்டிவ் என்றால் நேர்மாறாக நடக்கும்.

சோதனை எப்படி?

ஃபேன் சுற்றுவதாலேயே அயனைசர் வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. இதற்கு சார்ஜ்டு பிளேட் மானிட்டர் என்ற கருவி இருக்கிறது. 15 சென்டிமீட்டர் நீள, அகலம் கொண்ட ஒரு உலோகத் தகடுதான் இதன் முக்கிய பாகம்.

1. வேகம்: தகட்டை 1,000 வோல்ட்டுக்கு சார்ஜ் செய்து அயனைசர் முன் வைப்பார்கள். அது 100 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். எத்தனை விநாடி வரை ஓகே என்பதை அந்தந்த நிறுவனமே வேலைக்கு ஏற்ப முடிவு செய்யும்.

2. சமநிலை: தகட்டை பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து அயனைசர் காற்றில் விடுவார்கள். தகட்டில் ஏறும் வோல்டேஜ் பிளஸ் அல்லது மைனஸ் 35 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அதே தரநிலையின் வரம்பு.

உதாரணத்துக்கு, பாசிட்டிவ் சார்ஜ் 2 விநாடியிலும், நெகட்டிவ் 9 விநாடியிலும் இறங்கினால் பாசிட்டிவ் அயனிகள் போதவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட அயனைசர், சார்ஜை எடுப்பதற்குப் பதில் பாகங்களில் சார்ஜை ஏற்றிவிடும். பாதுகாப்புக்கு வைத்த கருவியே வில்லனாகிவிடும்.

கெட்டுப்போக என்ன காரணம்?

பெரும்பாலும் தூசிதான். ஊசி முனைகளில் வெள்ளைப் பொடி போல அழுக்கு படியும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் முனைகளைத் துடைத்தால் பல நேரங்களில் சரியாகிவிடும்.

கவனிக்க வேண்டியது, துடைப்பதற்கு முன்பும் ஒருமுறை சோதிக்க வேண்டும். துடைத்த பிறகு மட்டும் பார்த்தால் ரிசல்ட் நல்லாவே வரும். அதுவரை கருவி கோளாறோடு ஓடியதா, அந்த நாட்களில் தயாரான போர்டுகளை மறுபடி பார்க்கணுமா என்பது தெரியாமலே போய்விடும்.

வீட்டு அயனைசரை வைக்கலாமா?

கூடாது. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பல அயனைசர்கள் நெகட்டிவ் அயனிகளை மட்டுமே வெளியிடுபவை. அவை சர்க்யூட் போர்டு பக்கத்தில் இருந்தால் சார்ஜ் ஏறத்தான் செய்யும்.

செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்கள் ஆரம்பத்தில் செய்யக்கூடியது இதுதான்: ரிஸ்ட் ஸ்ட்ராப், ஆன்டி ஸ்டேட்டிக் மேட், இரண்டுக்கும் சரியான எர்த். தேவையில்லாத பிளாஸ்டிக் கவர், தெர்மாகோல், டேப் ரோல் ஆகியவற்றை மேஜையில் இருந்து அப்புறப்படுத்துங்கள். அயனைசர் இவற்றுக்குத் துணைதான், மாற்று அல்ல.