எடைத் தராசும் இரண்டு உணவு முறைகளும்

உடல் எடையைக் குறைக்க விரும்புவோருக்கு இன்று இருவகை அறிவுரைகள் கூறப்படுகின்றன. சோறு, ரொட்டி, கிழங்கு, சர்க்கரை ஆகியவற்றை அறவே விலக்கிவிட்டு இறைச்சி, முட்டை, வெண்ணெய் போன்றவற்றை உண்ணுங்கள் என்பது ஒன்று. இதுவே 'கீட்டோ' உணவு. தமிழ்நாட்டில் 'பேலியோ' என்ற பெயரில் பரவியுள்ளதும் பெரும்பாலும் இதற்கு நெருங்கிய உறவுதான். எல்லா வகை உணவையும் சேர்த்துக்கொண்டு, நாளொன்றுக்கு இத்தனை கலோரி என்று வரையறுத்து உண்ணுங்கள் என்பது மற்றொன்று. முதல் முறையைத் தொடங்கியவர்கள், "ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது" என்று வியப்போடு சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் முறையினருக்கு அந்த மகிழ்ச்சி அவ்வளவு விரைவில் கிட்டுவதில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை காண அறிவியலாருக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கதை இலண்டன் மாநகரில் தொடங்குகிறது. வில்லியம் பான்டிங் என்பவர் அங்கே ஈமச் சடங்குகளை நடத்திக் கொடுக்கும் தொழில் செய்து வந்தார். அரச குடும்பத்தாருக்கும் அவரே அப்பணியைச் செய்தார். 1862ஆம் ஆண்டில் அவருக்கு வயது 66. உயரம் 5 அடி 5 அங்குலம். எடை 202 இராத்தல், அதாவது ஏறத்தாழ 92 கிலோ. குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட அவரால் இயலாது. மாடிப்படியில் இறங்குவதென்றால் பின்புறமாகவே இறங்க வேண்டும். உடற்பயிற்சி செய்யும்படி ஒரு மருத்துவர் கூறினார். பான்டிங் நாள்தோறும் காலையில் படகு வலித்தார். பசி மிகுந்தது, எடையும் ஏறியது!

கடைசியில் காது மந்தமானதற்காக வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் சென்றார். (இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி வேறு, அவர் 17ஆம் நூற்றாண்டினர்.) இந்த ஹார்வி பாரிசில் கிளாடு பெர்னார் என்னும் பேரறிஞர், கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குவது பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டவர். அந்த அறிவைக் கொண்டு, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆறையும் விலக்குமாறு பான்டிங்கிடம் கூறினார். ஓராண்டில் எடை 46 இராத்தல் குறைந்தது. பெருமகிழ்ச்சி அடைந்த பான்டிங், 1863இல் தம் அனுபவத்தைச் சிறு நூலாகச் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். நூல் எங்கும் பரவியது. எடை குறைப்பதையே ஆங்கிலேயர் 'பான்டிங் செய்வது' என்று கூறத் தொடங்கினர். சுவீடன் நாட்டு மொழியில் எடை குறைக்க உண்பதற்கு இன்றும் வழங்கும் 'பாண்டா' என்ற வினைச்சொல் இவர் பெயரிலிருந்து வந்ததே.

உணவின் அளவு முக்கியமன்று, தன்மையே முக்கியம் என்பது பான்டிங்கின் உறுதியான கருத்து. ஆனால் அவர் தந்துள்ள பட்டியலைப் பாருங்கள்: காலையில் நான்கைந்து அவுன்சு இறைச்சி, ஓர் அவுன்சு வாட்டிய ரொட்டி, பகலில் ஐந்தாறு அவுன்சு மீன் அல்லது இறைச்சி, காய்கறி, அதனுடன் இரண்டு மூன்று கோப்பை திராட்சை மது. அளவு முக்கியமன்று என்றவர் உண்டது அவுன்சுக் கணக்கில்!

அளவைக் கணக்கிடும் கருவி அப்போது மருத்துவர்களிடம் இல்லை. அதனை அளித்தவர் அமெரிக்க வேதியியல் அறிஞர் வில்பர் அட்வாட்டர். 1890களில் அவர் கனெக்டிகட் மாநிலத்து வெசுலியன் பல்கலைக்கழகத்தில், ஓர் ஆள் நாள்கணக்கில் தங்கக்கூடிய மூடிய அறை ஒன்றை அமைத்தார். உள்ளே கட்டில், நாற்காலி. உணவைக் கொடுக்க ஒரு சிறு திறப்பு. அந்த மனிதரின் உடல் வெளியிட்ட வெப்பத்தைக் குழாய்களில் ஓடும் நீர் ஏந்திச் சென்றது. நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்று அளந்தார்கள். உணவிலிருந்து உடல் பெற்ற ஆற்றலும் அது செலவிட்ட ஆற்றலும் ஏறக்குறைய ஒத்திருந்தன. மாவுச்சத்து, புரதம் ஒவ்வொரு கிராமுக்கும் 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்று நாம் இன்று பயன்படுத்தும் எண்கள் அவர் ஆய்வின் வழி வந்தவை. 1918இல் லூலூ ஹண்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் இக்கணக்கை இல்லங்களுக்குக் கொண்டு சென்றார். ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்பது அவர் கற்பித்த முறை. அவருடைய நூல் அமெரிக்காவில் அமோகமாக விற்பனையாயிற்று.

கீட்டோ உணவு பிறந்ததோ வேறொரு நோய்க்காக. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பதை மருத்துவர்கள் கண்டிருந்தனர். பட்டினியின்போது கல்லீரல் கொழுப்பைச் சிதைத்துக் கீட்டோன்கள் என்ற பொருள்களை உண்டாக்குகிறது; சர்க்கரை கிடைக்காத மூளை இவற்றை எரித்து இயங்குகிறது. மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகுத்தால், பட்டினி இல்லாமலே இதே நிலையை உண்டாக்கலாமே என்று 1921இல் மேயோ மருத்துவமனையின் ரசல் வைல்டர் கருதினார். 'கீட்டோன் ஆக்கும் உணவு' என்ற பெயரும் அவர் இட்டதே. 1938இல் ஃபெனிடோயின் என்னும் வலிப்பு மருந்து வந்தபின் இம்முறை பின்னுக்குத் தள்ளப்பட்டது.

எடைக் குறைப்புப் பக்கம் பூசல் மூண்டது 1956இல். இலண்டன் மிடில்செக்சு மருத்துவமனையின் கெக்விக், பவான் என்னும் இருவர், பருமனான நோயாளிகளுக்கு நாளுக்கு 1000 கலோரி உணவையே, சில நாள் பெரும்பாலும் கொழுப்பாகவும் சில நாள் பெரும்பாலும் மாவுச்சத்தாகவும் கொடுத்துப் பார்த்தனர். கொழுப்பு உண்டபோது எடை மளமளவென்று குறைந்தது. மாவுச்சத்து உண்டபோது குறையவில்லை. அப்படியானால் அட்வாட்டரின் கணக்கு பொய்யா?

இதற்கு முழு விடை தந்தது 1976இல் வெளிவந்த ஓர் ஆய்வு. யாங், வான் இட்டாலி என்னும் நியூயார்க் ஆய்வாளர்கள் பருமனான ஆறு பேரை மருத்துவமனையிலேயே தங்க வைத்தனர். 10 நாள் 800 கலோரி கீட்டோ உணவு, 10 நாள் அதே 800 கலோரியில் கலப்பு உணவு. உண்டதையும் கழித்ததையும் அளந்து, குறைந்த எடையில் கொழுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று பிரித்தனர். கீட்டோ உணவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 467 கிராம் குறைந்தது. கலப்பு உணவில் 278 கிராம்தான். ஆனால் கரைந்த கொழுப்போ இரண்டிலும் ஏறத்தாழ 165 கிராமே! மிகுதியாகக் குறைந்ததெல்லாம் பெரும்பாலும் நீர்.

இந்த நீர் எங்கிருந்து வந்தது? நம் கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து வரத்து நின்றதும் உடல் இச்சேமிப்பை எடுத்துச் செலவிடுகிறது. பிடித்திருந்த நீர் சிறுநீராக வெளியேறுகிறது. கீட்டோன்களும் தம்முடன் உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. கூட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டு கிலோ. முதல் வாரத்து வியப்பு பெரும்பாலும் இதுவே. மீண்டும் வழக்கம்போல் உண்டால் சில நாள்களில் அந்த எடை திரும்பிவிடும். கலப்பு உணவினரோ மெல்லக் குறைகிறதே என்று மனம் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள், கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே!

அப்படியானால் கீட்டோ முறையில் பல மாதங்கள் இருந்து உண்மையாகவே மெலிந்தவர்கள் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். அதற்கும் இலண்டனிலேயே 1960இல் விடை கிடைத்திருந்தது. ஜான் யுட்கின் என்ற பேராசிரியர் ஆறு பேரிடம், "மாவுச்சத்தை மட்டும் குறையுங்கள், கொழுப்பும் இறைச்சியும் வேண்டிய அளவு உண்ணுங்கள்" என்றார். அவர்கள் உண்டதைக் கணக்கிட்டபோது, தாமறியாமலே குறைந்த கலோரியை உண்டிருந்தது தெரிந்தது. ரொட்டி இல்லாமல் வெண்ணெயை எவ்வளவுதான் தின்ன முடியும்? எடையைக் குறைத்தது கலோரிக் குறைவே. கீட்டோ அதற்கு ஒரு வழி.

ஆனால் அது ஒன்றே வழியன்று. அமெரிக்காவின் பெதஸ்டாவில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்க வைத்து, இரண்டு வாரம் கீட்டோ உணவும், இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும் விரும்பிய அளவு உண்ணச் செய்தனர். 2021இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது: மாவுச்சத்து மிகுந்த தாவர உணவின்போதுதான் நாளுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாக உண்டார்கள். பசி கூடுதலாக இருந்ததாகவும் அவர்கள் கூறவில்லை.

நீண்ட காலச் சோதனைகளும் உள்ளன. 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரின் ஓராண்டு முடிவுகளை வெளியிட்டனர். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தனர். புள்ளியியல்படி இது வேறுபாடன்று. மாவுச்சத்துக் குழுவினர் முதலில் நாளுக்கு 20 கிராம் வரை குறைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்டிறுதியில் அவர்கள் உண்டது சராசரி 130 கிராம் அளவு. கீட்டோ நிலைக்கு 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை நினைவிற்கொண்டால், இதைத் தொடர்ந்து கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

நீரிழிவு நோயாளிகளுக்குக் கீட்டோ உணவில் இரத்தச் சர்க்கரை குறைவதுண்டு, அது நன்மையே. ஆனால் இன்சுலின் ஊசி போடுவோர் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றை நிறுத்தினால், மருந்தின் அளவு மிஞ்சிச் சர்க்கரை ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடும். சிலருக்குத் தீய கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். மிகவும் உயர்கிறது. எனவே தொடங்கு முன்னும், சில மாதங்கள் கழித்தும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.